ஃபுல் ஃப்ரேமுக்கு வைட் லென்ஸ்: சோனி 16-35 வாங்கவா, டாம்ரான் / சிக்மா போதுமா?

வண்டியூர் கிளிக்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் சோனி ஏ7 மார்க் 4 பாடி, டாம்ரான் 28-75, சோனி 85 எஃப் 1.8 இருக்கின்றன (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் வாங்கும் வெளிச்சம் கூடும்). கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று வேலை ஓடுகிறது. 28 மி.மீ-க்குக் கீழே, அதாவது அதைவிட அகலமாகக் காட்ட, ஒன்றும் இல்லாததால் சின்ன மண்டபங்களில் திணறுகிறேன். முதுகு சுவரில் முட்டிய பிறகும் மணமேடை முழுசாக ஃப்ரேமுக்குள் வருவதில்லை. வேலை இல்லாத நாளில் சித்திரை வீதியில் கோபுரம், நாயக்கர் மகால், சமணர் மலை என்று சுற்றுவேன், அதற்கும் வைட் வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் வாங்கிவிட நினைக்கிறேன்.

பார்த்து வைத்திருப்பவை: சோனி 16-35 எஃப் 2.8 ஜிஎம் 2 (சோனியின் உயர்விலை வரிசை, இரண்டாம் பதிப்பு), சோனி 16-35 எஃப் 4 பவர் ஜூம், டாம்ரான் 17-28 எஃப் 2.8, சிக்மா 16-28 எஃப் 2.8. ஜிஎம் 2 வாங்கும் காசில் டாம்ரான் இரண்டு வாங்கி மிச்சமும் பார்க்கலாம். அந்த அளவுக்குக் கொடுத்து வாங்க அதில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. யூடியூபில் பார்த்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், கையில் வைத்து வேலை செய்தவர்கள் சொன்னால் நல்லது.

மேலமாசி ஸ்டுடியோ

தம்பி, கல்யாண வேலைக்கு என்றால் ஜிஎம் வாங்கு. தாலி கட்டும் நேரம் சில விநாடிதான், அட்சதை பறக்கும், யாராவது குறுக்கே கையை நீட்டுவார்கள், பின்னால் எல்இடி ஸ்க்ரீன் முழு வெளிச்சத்தில் எரியும். அந்த நேரத்தில் ஃபோகஸ் தடுமாறக் கூடாது, லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறக் கூடாது. இரண்டிலும் ஜிஎம் என்னைக் கைவிட்டதில்லை.

வீடியோவும் எடுப்பாய் என்றால் இன்னொன்று. ஏ7 மார்க் 4-ல் ப்ரீத்திங் காம்பன்சேஷன் இருக்கிறது, ஃபோகஸ் முன்னும் பின்னும் போகும்போது ஃப்ரேம் சுருங்கி விரிவதை பாடியே சரிசெய்துவிடும். அது சோனியின் சொந்த லென்ஸ்களுக்குத்தான், அவற்றிலும் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும். டாம்ரான், சிக்மா மாட்டினால் அந்த வசதி கிடைக்காது. வேகமாகத் தொடர்ந்து எடுப்பதிலும் வேறு கம்பெனி லென்ஸுக்கு சோனி வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. இவ்வளவும் போக, நாளைக்கு விற்கப் போனால் ஜிஎம்முக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள்.

யானைமலை

மேலமாசி அண்ணன் சொன்னதில் ப்ரீத்திங் விஷயம் சரி. தொடர் வேகம் பற்றிச் சொன்னதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. வேறு கம்பெனி லென்ஸ் மாட்டினால் விநாடிக்கு 15 படம் என்ற கட்டுப்பாடு ஏ9, ஏ1 மாதிரி 20, 30 படம் எடுக்கும் பாடிகளில்தான் உறைக்கும். ஏ7 மார்க் 4 எடுப்பதே அதிகபட்சம் 10. தம்பியின் பாடிக்கு அந்தக் கட்டுப்பாடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வேறு கம்பெனி லென்ஸ் என்றாலே நம் ஊரில் பழைய ஆட்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு, அது டிஎஸ்எல்ஆர் (மிரர் வைத்த பழைய வகை கேமரா) காலத்துக் காரணம். அப்போது சிக்மா, டாம்ரான், டோக்கினா எல்லாம் கேனான், நிக்கான் பாடி லென்ஸோடு என்ன பேசுகிறது என்பதைத் தாங்களே துழாவிக் கண்டுபிடித்து லென்ஸ் செய்தார்கள். புது பாடி வந்தால் பழைய லென்ஸ் மக்கர் செய்யும். 2013-ல் நிக்கான் டி5300 வந்தபோது சில சிக்மா லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் ஒழுங்காக வேலை செய்யாமல் சிக்மா தன் லென்ஸுக்கு ஃபர்ம்வேர் விட வேண்டியிருந்தது. அதோடு டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி, படம் விழும் சென்சார் தனி. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை பிசகினாலும் ஃபோகஸ் கண்ணுக்கு முன்னால் அல்லது பின்னால் போய் நிற்கும், பழி லென்ஸ் மேல் விழும்.

ஏ7 மாதிரி மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவில் படம் விழும் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் அந்தச் சிக்கலின் வேர் போய்விட்டது. சோனி 2011-லேயே தன் இ மவுண்ட் (பாடியில் லென்ஸ் மாட்டும் அமைப்பு) விவரங்களைக் காசு வாங்காமல் மற்ற கம்பெனிகளுக்குத் தருவதாக அறிவித்துவிட்டது. டாம்ரானின் பெரிய பங்குதாரர்களில் சோனியும் ஒன்று. அதனால் ஏ7-ல் டாம்ரான் மாட்டும்போது, பழைய டி90-ல் மாட்டிய டாம்ரானை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

இன்னொரு செய்தி. 2022-ல் நிக்கான் இசட் மவுண்டுக்கு 17-28 எஃப் 2.8 வெளியிட்டது. அதன் கண்ணாடி அமைப்பை எடுத்துப் பாருங்கள், 11 குழுவில் 13 கண்ணாடி, 67 மி.மீ ஃபில்டர். 2019-ல் வந்த டாம்ரான் 17-28-க்கும் அதே கணக்குதான். நிக்கான் பெயர் போட்டதும் விலை கூடியது. ‘சொந்த கம்பெனி கண்ணாடியே வேறு’ என்று சொல்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வண்டியூர் கிளிக்

நன்றி அண்ணே, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. டாம்ரான் 17-ல் ஆரம்பிக்கிறது, மற்றவை 16. அந்த 1 மி.மீ மண்டபத்தில் தெரியுமா?

யானைமலை

கணக்கு எளிது. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. 36-ஐ லென்ஸின் மி.மீ-ஆல் வகுத்து, நீ நிற்கும் தூரத்தால் பெருக்கு. 3 மீட்டர் தள்ளி நின்றால் 28-ல் சுமார் 3.9 மீட்டர் அகலம் வரும். 20-ல் 5.4, 17-ல் 6.35, 16-ல் 6.75, 14-ல் 7.7. ஆக 17-க்கும் 16-க்கும் நடுவில் 40 செ.மீ, ஓர் ஆள் தோளகலம். அது வேண்டும் என்கிற இடமும் வரும், ஆனால் முக்கால் அடி பின்னால் போக முடிந்தால் தீர்ந்துபோகிற வித்தியாசம். 28-லிருந்து 17-க்கு வருவதுதான் பெரிய தாவல்.

நிலா கேண்டிட்

தம்பி, எல்லோரும் எவ்வளவு அகலம் என்றே பேசுகிறார்கள், அந்த அகலத்தில் ஆட்கள் என்ன ஆகிறார்கள் என்பதை நான் சொல்கிறேன். மணமேடையில் குடும்பப் படத்துக்கு 16-ல் எடுத்தால் நடுவில் பொண்ணு மாப்பிள்ளை அழகாக இருப்பார்கள். ஓரத்தில் நிற்கும் அத்தைக்கு ஃப்ரேமின் வெளிப்பக்கமாகக் கன்னம் இழுபட்டிருக்கும், தோள் இரண்டு மடங்கு தெரியும், அவர் கையில் வைத்திருக்கும் வட்டத் தாம்பாளம் நீள்வட்டமாக மூலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். ஆல்பம் வந்ததும் அந்த அத்தை முதலில் தன் முகத்தைத்தான் தேடுவார்.

இதற்கும் லென்ஸ் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. நேர்க்கோட்டை நேராகவே காட்டும் எந்த வைட் லென்ஸும் ஓரத்தில் இருப்பதை இழுத்துத்தான் ஆக வேண்டும், ஜிஎம்மிலும் அதே இழுப்புதான் வரும். அதனால் ஆட்கள் இருக்கும் படத்தை 24, 28-ல் எடு, முடிந்தவரை பின்னால் போ, ஓரத்தில் தூண், வாழைமரம், குத்துவிளக்கு என்று ஏதாவது விடு. 16, 17-ஐ மண்டப அலங்காரம், பந்தி, மேலிருந்து கூட்டம், நாதஸ்வரக்காரருக்குக் கிட்டே போய் எடுப்பது மாதிரி விஷயங்களுக்கு வைத்துக்கொள். நான் சிக்மா 16-28 வைத்திருக்கிறேன், பெரும்பாலும் 20-க்கு மேலேதான் நிற்கும். வேலைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 450 கிராம்தான், ஜூம் செய்தால் நீளம் மாறாது, கிம்பலில் (வீடியோ ஆடாமல் இருக்கப் பிடிக்கும் கருவி) பேலன்ஸ் கலையாது. பக்கவாட்டில் ஆட்டோ, மேனுவல் மாற்றும் பொத்தான் இருக்கிறது, டாம்ரான் 17-28-ல் எந்தப் பொத்தானும் கிடையாது.

மேலமாசி ஸ்டுடியோ

நிலா சொன்னது நூற்றுக்கு நூறு. நானும் குரூப் படத்தை 24-க்குக் கீழே எடுப்பதில்லை, எங்கள் பையன்களையும் எடுக்க விடுவதில்லை.

திருமங்கலம் ஆர்6

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே தேவைதான், ஆனால் பாடி கேனான் ஆர்6 மார்க் 2. எனக்கு டாம்ரான், சிக்மாவில் எது நல்லது?

யானைமலை

சார், உங்கள் மவுண்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கேனான் ஆர்எஃப் மவுண்டை மூடி வைத்திருந்தது. 2022-ல் வில்ட்ராக்ஸ் தன் ஆர்எஃப் லென்ஸ் விற்பனையை நிறுத்த வேண்டி வந்தது, தன் காப்புரிமை மீறப்படுகிறது என்பது கேனானின் வாதம். 2024-ல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கதவு திறந்தபோது அறிவிக்கப்பட்ட லென்ஸ்கள் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாருக்கானவை. அவற்றை ஆர்6-ல் மாட்டினால் படம் க்ராப் ஆகிவிடும். ஃபுல் ஃப்ரேம் பாடியை வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

வடக்குமாசி வீதி

திருமங்கலம் சாருக்கு நான் சொல்வது பழைய கேனான் இஎஃப் 16-35 எஃப் 4 எல் ஐஎஸ். 2014-ல் வந்தது, செகண்ட் ஹேண்டில் நிறைய கிடைக்கும், கேனானின் இஎஃப்-ஆர்எஃப் அடாப்டரில் சொந்த லென்ஸ் மாதிரியே வேலை செய்யும். அடாப்டரில் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் இடைவெளியும் மின்தொடர்பும்தான், அதனால் தரம் குறையாது. மூலைகள் எஃப் 4-லேயே நன்றாக இருக்கும். 615 கிராமோடு அடாப்டர் எடையும் சேரும், அதுதான் குறை.

புதிதாகவே வேண்டும் என்றால் ஆர்எஃப் 14-35 எஃப் 4 எல். கையில் காசு குறைவு, மண்டபத்துக்கு எப்போதாவது ஒரு வைட் படம் போதும் என்றால் ஆர்எஃப் 16 எஃப் 2.8, வெறும் 165 கிராம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இந்த இரண்டுமே சாஃப்ட்வேரை நம்பிச் செய்யப்பட்டவை. திருத்தம் போடாத ரா ஃபைலை (கேமரா அப்படியே தரும் மூலப்படம்) திறந்தால் 14-35-ல் 14-இல் மூலைகள் கறுத்தே இருக்கும், 16-ல் நேர்க்கோடுகள் பீப்பாய் மாதிரி வளைந்திருக்கும். திருத்தம் போட்டதும் நேராகிவிடும், ஆனால் மூலைகளை இழுத்து நிரப்புவதால் அங்கே நுணுக்கம் குறையும். சொந்த கம்பெனி பெயர் போட்டிருந்தாலும் இப்படித்தான். பெரிய ஆல்பம் அச்சில் இதை நான் பார்த்திருக்கிறேன், போனில் பார்க்கிறவருக்குத் தெரியாது.

திருமங்கலம் ஆர்6

ரொம்ப நன்றி சார். இஎஃப் 16-35 எஃப் 4 தேட ஆரம்பிக்கிறேன். மண்டபத்தில் எஃப் 4 போதுமா என்பதுதான் யோசனை.

வடக்குமாசி வீதி

அலங்காரம், பந்தி, கூட்டம் எல்லாம் தாராளமாக எடுக்கலாம், லென்ஸில் ஐஎஸ் (கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி), பாடியிலும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. ஆட்கள் ஆடும் இடத்தில், ரிசப்ஷனில் விளக்கை அணைத்துவிட்டு டிஜே போட்டால் 2.8-ன் அருமை தெரியும். 2.8-ல் ஐஎஸ்ஓ 3200 என்றால் 4-ல் 6400, அவ்வளவுதான் வித்தியாசம். ஆர்6 மார்க் 2 அதைத் தாங்கும்.

சிறுமலை இரவு

நட்சத்திரம் எடுக்கிறவன் என்ற முறையில் என் பங்கு. இரவு வானத்துக்கு ஜூமை விட ஒற்றை ஃபோகல் லென்ஸ்தான். சோனி 20 எஃப் 1.8 ஜி, 373 கிராம். எஃப் 2.8-ஐ விட கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வெளிச்சம் வாங்கும், மூலையில் நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கும். பல லென்ஸ்களில் திறந்த அப்பர்ச்சரில் மூலை நட்சத்திரத்துக்குச் சிறகு முளைத்துவிடும், அதற்குப் பெயர் கோமா. இதைப் பார்க்காமல் மையத்தின் ஷார்ப்னஸை மட்டும் பார்த்து நட்சத்திரத்துக்கு லென்ஸ் வாங்கக் கூடாது.

காசு குறைவான வழியும் இருக்கிறது. சாம்யாங் 14 எஃப் 2.8 மேனுவல் லென்ஸ். ஆட்டோஃபோகஸ் கிடையாது, கட்டடம் எடுத்தால் கோடுகள் மீசை மாதிரி நெளியும், ஆனால் வானத்தில் நேர்க்கோடு ஏது? கோமா குறைவு என்பதால் நட்சத்திரக்காரர்கள் இன்றைக்கும் அதை வைத்திருக்கிறார்கள். வேறு கம்பெனி லென்ஸ் சொந்த கம்பெனியைத் தூக்கிச் சாப்பிடும் இடங்களில் இது ஒன்று. பால்வீதியின் மையப்பகுதி பங்குனி கடைசியில் விடியலுக்கு முன் தெற்கே நன்றாகத் தெரியும், அமாவாசையை ஒட்டிப் போங்கள். சிறுமலையோ மேகமலையோ எங்கே போனாலும் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள், நினைத்த இடத்தில் இரவில் நிற்க முடியாது.

தம்பியின் 33 மெகாபிக்சல் பாடியில் 17-ல் 30 விநாடி வைத்தால் நட்சத்திரம் கோடாகிவிடும். 15-க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தெப்பக்குளம் மேற்கு

இவ்வளவு பேசியாயிற்று, யாரும் முக்கியமான ஒன்றைச் சொல்லவில்லை. எந்த கம்பெனி என்பதை விட உங்கள் கையில் வரும் அந்த ஒரு லென்ஸ் எப்படி இருக்கிறது என்பது வைட் லென்ஸில் ரொம்ப முக்கியம். வைட் லென்ஸின் முன்கண்ணாடிகள் வளைவு அதிகமானவை, ஒரு கண்ணாடி மி.மீ-ல் சிறு பங்கு சாய்ந்து உட்கார்ந்தாலும் ஒரு பக்க மூலை மட்டும் மங்கும். தொழிற்சாலையிலும் நடக்கும், கூரியரில் விழுந்தாலும் நடக்கும். பெரிய விலை கொடுத்து வாங்கிய சொந்த கம்பெனி லென்ஸில் வலது ஓரம் முழுக்க மங்கலாக வந்து நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதே நேரத்தில் என் நண்பரிடம் பாதி விலை லென்ஸ் நான்கு மூலையும் ஒரே மாதிரி இருக்கிறது. இதை வைத்து எந்தக் கம்பெனியையும் குறை சொல்ல வரவில்லை, பார்த்து வாங்குங்கள் என்கிறேன்.

பார்ப்பது இப்படி. காலையில் மொட்டை மாடிக்குப் போங்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால், ஏனென்றால் நம் ஊரில் பத்து மணிக்கு மேல் தூரத்தில் கானல் ஆடும், அதை லென்ஸ் மங்கல் என்று நினைத்துவிடுவீர்கள். நல்ல தூரத்தில் ஒரு செல்போன் டவரைப் பிடியுங்கள், கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் சின்னப் பிசகும் தெரியும். ட்ரைபாடில் வைத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, டவரை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஃபோகஸ் ரிங்கைத் தொடாதீர்கள். இப்போது கேமராவைத் திருப்பி அதே டவரை இடது மேல் மூலைக்குக் கொண்டுவந்து ஒரு படம், வலது மேல், இடது கீழ், வலது கீழ் ஒவ்வொன்று. கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலா? அது அந்த லென்ஸின் குணம், எஃப் 5.6, 8-க்குப் போனால் சரியாகும். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் மங்கலா? திருப்பிக் கொடுங்கள், எந்த எடிட்டிங்கும் அதைக் காப்பாற்றாது. ஜூம் என்பதால் வைட் முனையிலும் டெலி முனையிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்றில் நன்றாக இருந்து மற்றதில் கெட்டிருக்கும்.

செங்கல் சுவரை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். வேண்டாம். கேமரா சுவருக்குத் துல்லியமாக நேராக நிற்காவிட்டால் நல்ல லென்ஸும் கெட்டதாகத் தெரியும்.

வண்டியூர் கிளிக்

அண்ணே, இதைப் படித்ததும் என்னிடம் இருக்கிற 28-75-ஐ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். நான்கு மூலையும் ஒரே மாதிரி இருக்கிறது, நிம்மதி. வாங்கப் போகும் லென்ஸுக்கும் இதைச் செய்யாமல் பணம் கொடுக்க மாட்டேன்.

மேலமாசி ஸ்டுடியோ

தெப்பக்குளம் சொன்னது எல்லா லென்ஸுக்கும் பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லென்ஸ் கெட்டுப்போகும் நாளையும் யோசியுங்கள். ஒருமுறை ஒரு வேறு கம்பெனி லென்ஸை சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு வைகாசி முகூர்த்தங்கள் பாதியை வாடகை லென்ஸில் ஓட்டினேன். உதிரிபாகம் வரவில்லை, வரவில்லை என்றே சொன்னார்கள். தொழில் செய்கிறவனுக்கு அந்த நாட்கள்தான் வருமானம். ஆடியில் கெட்டால் பொறுத்துக்கொள்ளலாம், வைகாசியில் கெட்டால்?

நிலா கேண்டிட்

அண்ணே, எனக்குச் சொந்த கம்பெனி லென்ஸிலும் அதே அனுபவம் உண்டு, வாரக்கணக்கில் காத்திருந்தேன். சர்வீஸ் எந்தப் பெயருக்கும் உத்தரவாதம் இல்லை. என் வழி வேறு: ஒரு விலை உயர்ந்த லென்ஸுக்குப் பதில் இரண்டு நடுத்தர லென்ஸ், ஒன்று கெட்டால் மற்றது கையில் இருக்கும். ஜிஎம் காசில் சிக்மா 16-28-ம் ஒரு சோனி 20 எஃப் 1.8-ம் சேர்ந்து வரும் என்றால் எனக்கு எது பலம்?

ஒன்று மட்டும் யாருடைய லென்ஸாக இருந்தாலும் விடாதீர்கள். ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். கிரே மார்க்கெட்டில் பத்தாயிரம் குறைவு என்று வாங்கினால் வாரண்டி இங்கே செல்லாது. செகண்ட் ஹேண்ட் என்றாலும் பழைய பில்லைக் கேட்டு சீரியல் நம்பரை ஒப்பிட்டுப் பாருங்கள், முன்கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பையிலேயே பூட்டிக் கிடந்த லென்ஸ்களில் அது சகஜம்.

தல்லாகுளத்தான்

நான் சித்திரைத் திருவிழாவுக்காகச் சொல்கிறேன், தம்பி அதைத்தான் குறி வைத்திருக்கிறார். எதிர்சேவையிலிருந்து ஆற்றில் இறங்குவது வரை, அப்புறம் ராமராயர் மண்டபத்துத் தீர்த்தவாரியிலும் தோல்பையில் தண்ணீரை அடைத்துவைத்துப் பீய்ச்சுவார்கள். அழகர் மேல் பீய்ச்சுவது உங்கள் மேலும் கேமரா மேலும்தான் வந்து விழும். அங்கே லென்ஸின் ஷார்ப்னஸ் பட்டியலை யாரும் பார்க்கப் போவதில்லை, தண்ணீர் உள்ளே போகிறதா என்பதுதான் கேள்வி. ஜிஎம் 2, பவர் ஜூம் 16-35, டாம்ரான் 17-28 மூன்றும் ஈரம் தாங்கும் விதமாகச் செய்யப்பட்டவை. சிக்மா 16-28-ல் மவுண்ட் இடத்தில் மட்டும்தான் ரப்பர் காப்பு. அதைக் கொண்டுபோனால் கட்டாயம் உறை போட வேண்டும். மற்றவற்றுக்கும் உறை போடுவதுதான் புத்தி, ஈரம் தாங்கும் என்றால் குளிப்பாட்டலாம் என்று அர்த்தமில்லை.

இன்னொன்று எடை. அந்தக் கூட்டத்தில் வ்யூஃபைண்டரில் கண் வைத்து எடுக்க இடமே இருக்காது. கையை மேலே தூக்கி, ஸ்க்ரீனைக் கீழ்நோக்கி மடித்து, அழகர் குதிரை அசையும்போது குறி பார்க்க வேண்டும். பழைய ஜிஎம் 680 கிராம், ஜிஎம் 2 547, டாம்ரான் 420, பவர் ஜூம் 353. விடியற்காலையிலிருந்து கை தூக்கி நிற்கிறவனுக்கு இந்த வித்தியாசம் தோளில் தெரியும். விடிந்த பிறகு வெளிச்சத்துக்குக் குறைவில்லை, எஃப் 4 போதும். இருட்டில் வரும் மண்டகப்படிகளுக்குத்தான் 2.8 தேவை.

பத்துத்தூண் சந்து

கட்டடம் பற்றி யாரும் பேசாததால் நான். 1636-ல் கட்டிய நாயக்கர் மகாலின் தூண்களைக் கீழே நின்று 16-ல் அண்ணாந்து எடுத்தால் எல்லாத் தூணும் மேலே போகப் போக உள்ளே சாயும். எல்லா லென்ஸிலும் அப்படித்தான். கேமராவைத் தரைக்குச் சரிமட்டமாக வைத்து எடுத்துவிட்டு, கீழே அதிகமாக வரும் தரையை வெட்டிவிடுங்கள், தூண் நேராக நிற்கும். இதற்காகவே கூடுதல் அகலம் பயன்படுகிறது, இங்கே 14 மி.மீ வைத்திருக்கிறவன் கொடுத்து வைத்தவன். தொழிலாகவே கட்டடம் எடுக்கிறவர்களுக்கு ஷிஃப்ட் லென்ஸ், கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே கீழே நகர்த்தலாம். கேனானின் 17 மி.மீ டிஎஸ்-இ பெரிய விலை, லாவா 15 எஃப் 4.5 ஷிஃப்ட் அதைவிடக் குறைவு. இரண்டுமே மேனுவல் ஃபோகஸ்தான், தூண் எங்கேயும் ஓடாது என்பதால் எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

மீனாட்சி கோயிலுக்குள் 2018 தீ விபத்துக்குப் பிறகு செல்போனுக்கே தடை, கேமராவைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கோபுரம் எடுக்க சித்திரை வீதிதான். அங்கே தெற்குக் கோபுரத்தை 17-ல் நிமிர்த்திப் பிடித்தால் தாராளமாக வரும், 24-லேயே தள்ளி நின்று எடுத்தால் இன்னும் கம்பீரமாக இருக்கும். ரொம்ப வைடில் கோபுரம் குட்டையாகிவிடுகிறது, நான் அதை விரும்புவதில்லை.

யானைமலை

தம்பிக்கு இன்னொரு பெயரும் சொல்லிவிடுகிறேன். 2025-ல் டாம்ரான் 16-30 எஃப் 2.8 ஜி2 வந்திருக்கிறது, சோனிக்கும் நிக்கான் இசட்டுக்கும். 16-ல் ஆரம்பிக்கிறது, மோட்டார் புதுசு, பொத்தானும் யுஎஸ்பி-சி வழியும் இருக்கின்றன, விலை 17-28-ஐ விடக் கூடுதல். நிலா சொன்ன பொத்தான் குறை அதில் இல்லை.

வண்டியூர் கிளிக்

எல்லோருக்கும் நன்றி. முடிவுக்கு வந்துவிட்டேன். 16-30 எனக்கு இங்கே வாடகைக்குக் கிடைக்கவில்லை, கையில் வைத்துப் பார்க்காமல் வாங்க மனமில்லை. 17-28-ம் பழைய ஜிஎம்மும் வாடகைக்கு எடுத்து ஒரு நிச்சயதார்த்தத்தில் இரண்டையும் போட்டேன். எல்இடி ஸ்க்ரீனுக்கு எதிராக ஜிஎம் கொஞ்சம் சுத்தமாக இருந்தது, மேலமாசி அண்ணன் சொன்னது உண்மை. டாம்ரானில் ஸ்க்ரீன் மூலையில் இருக்கும்போது மெல்லிய புகை மாதிரி ஒன்று வந்தது, அரை அடி நகர்ந்ததும் போய்விட்டது. ஃபோகஸில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் புகைக்காக அவ்வளவு பணம் கூடுதலாகக் கொடுக்க இப்போது என்னால் முடியாது. பில்லோடு ஒரு செகண்ட் ஹேண்ட் 17-28 கிடைத்திருக்கிறது, டவரை வைத்துப் பார்த்துவிட்டேன், நான்கு மூலையும் சரி.

என் 28-75-க்கும் 67 மி.மீ ஃபில்டர், இதற்கும் 67. ஏற்கெனவே வாங்கிய போலரைசரை அப்படியே மாட்டலாம் என்பதும் ஒரு காரணம். மிச்சப் பணத்தில் 20 எஃப் 1.8-க்குச் சேர்க்க ஆரம்பிக்கிறேன்.

மேலமாசி ஸ்டுடியோ

போட்டுப் பார்த்து எடுத்த முடிவு, நல்லது. அந்தப் புகை வராமல் இருக்க ஹுட்டைக் கழற்றாதே. வைகாசியில் எங்கள் பையன்களோடு ஒரு முகூர்த்தத்துக்கு வா, வைடில் ஆள் தேவைப்படுகிறது.

பத்துத்தூண் சந்து

போலரைசர் பற்றி ஒரு வார்த்தை. 17-ல் வானத்தை வைத்து அதைப் போடாதே தம்பி. அவ்வளவு அகலத்தில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகிவிடும், மற்ற பக்கம் வெளுத்து நிற்கும், எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. தெப்பக்குளத்துத் தண்ணீரின் மினுமினுப்பைக் குறைக்க, மழை பெய்த பிறகு கல்தரையின் பளபளப்பை எடுக்க என்றால் போடு, அப்போதும் 24-க்கு மேலே ஜூம் செய்துவிட்டுப் போடு.